நான்காம் குழாயின் குமிழி

நான்காவது குழாயில் குமிழி விட்டோமா என்ற கேள்வி அமலோற்பவத்துக்கு வந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு இருபத்தாறு. வர வேண்டிய நேரத்தில் வராத கேள்வி. குழாய் தாங்கிக்குத் திரும்பியாயிற்று. ஊசியைத் துடைத்தாயிற்று. எடுத்த நீர் விரல்நுனி அளவுக் குப்பியில் மூடி போட்டுக்கொண்டு கருவியின் தட்டில் போய் உட்கார, கருவியும் அதை ஒரு மடக்கு விழுங்கிவிட்டது. இனி ஒன்பதாவது நிமிடத்தில் திரையில் ஒரு மேடு எழும்பத் தொடங்கும், பன்னிரண்டாவது நிமிடத்தில் மேட்டுக்கு அடியில் ஓர் எண் விழும், அதற்குள் ஒன்றும் செய்வதற்கில்லை, விழுங்கியதைக் கருவி கக்காது. அவள் கையுறையைக் கழற்றாமல் நின்றாள். எதிரே தாங்கியில் ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் கீழே நீர், மேலே ஆக்டனால் என்கிற எண்ணெய் மாதிரியான சாராயம், இரண்டுக்கும் நடுவே தலைமயிர் கனத்தில் ஒரு கோடு. இரண்டிலுமாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பது கே-17 என்று எண் மட்டும் எழுதி யாரோ அனுப்பிவைத்த பூச்சிமருந்து. அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. நீரோடு நிற்கிற பொருள் ஆற்றோடு போய்விடும். ஆக்டனாலோடு ஒட்டிக்கொள்கிற பொருள் மீனின் கொழுப்பில், மாட்டின் பாலில், மனுஷர்களின் இடுப்பு மடிப்பில் போய்க் குடியிருக்கும். அதற்காகக் குழாயைக் கையில் பிடித்து ஐந்து நிமிடத்தில் நூறு தடவை தலைகீழாகப் புரட்டி, சுழல்பொறியில் சுற்றவிட்டு, இரண்டும் தெளிந்து பிரிந்த பின் கீழ்நீரில் கொஞ்சம் எடுக்க வேண்டும். கீழ்நீருக்குப் போகிற ஊசி மேலே இருக்கிற ஆக்டனாலைக் கடந்துதான் போக வேண்டும், வேறு வழி கிடையாது. அதனால் ஊசியில் முதலிலேயே கொஞ்சம் காற்றை இழுத்துவைத்துக்கொண்டு, இறங்கும்போது அந்தக் காற்றை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டே இறங்க வேண்டும். நுனியிலிருந்து குமிழி வந்துகொண்டிருக்கும் வரை ஆக்டனால் உள்ளே நுழையாது. குமிழி விடாமல் இறங்கினால் ஒரு கொசுக்கண் அளவு உள்ளே புகுந்துவிடும். அந்தக் கொசுக்கண்ணுக்குள் இருக்கிற மருந்து எடுத்த கீழ்நீர் முழுவதிலும் இருப்பதைவிட அதிகம். மூன்றாவது குழாயின் கீழ்நீரில் மருந்து எவ்வளவு என்கிற எண் வந்துவிட்டது: புள்ளி எண்பத்திரண்டு. மூன்றும் நான்கும் இரட்டைகள், அதே நீர், அதே ஆக்டனால், அதே நூறு புரட்டல். நான்காவதும் புள்ளி எண்பதை ஒட்டி வர வேண்டும். குமிழி விடாமல் இறங்கியிருந்தால் இரண்டு வரும், மூன்று வரும், எதுவும் வரும்.

விட்டிருப்போம், இருபத்தாறு வருஷமாக விடுகிற கை, விடாமல் எங்கே போகும் என்று நினைத்தாள். நினைத்த உடனே, அக்காவின் கையும் வருஷக்கணக்காக ரசத்துக்கு ஒரே தடவை உப்புப் போட்ட கைதான் என்று இன்னொரு நினைப்பு அதன் பின்னாலேயே வந்து நின்றது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள். முதலில் பதிவேடு. பதிவேடு திறந்துதான் இருந்தது, நீல மையில் அவள் கையெழுத்தில் குழாய் நான்கு, நேரம், வெப்பம் இருபத்தைந்து, ஓரத்தில் குறிப்பு எழுதுவதற்கு விட்ட வெற்றுக் கட்டம். இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு, எந்த விதிப்புத்தகத்திலும் அச்சாகவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்: சந்தேகம் இருந்தால் எண் வருவதற்கு முன்னால் எழுத வேண்டும், பக்கத்தில் மணியைப் போட வேண்டும். எண் வந்த பிறகு எழுதினால் அது சாக்கு, அதை யாரும் மதிப்பதில்லை. திரையில் மேடு கிளம்பிவிட்டாலே போச்சு, கண் பார்த்துவிடும். அப்படியென்றால் இரண்டு முப்பத்தைந்து வரைக்கும்தான். எழுதுவதற்கு ஒரு வரி போதும், குமிழி விட்டதாக நிச்சயமில்லை என்று, கீழே அ.ம. என்று சுருக்கொப்பம். ஆனால் அந்த வரியை இளவழகன் படிப்பான். பிரிவுத் தலைவன், நாற்பத்திரண்டு வயது, கோபப்படவே தெரியாத மனுஷன், அதுதான் அவனிடம் பயம். ஆடி மாதத்தில் ஒரு நாள் அவள் இரண்டு குழாய்களை இடம் மாற்றி வைத்துவிட்டாள், மூன்று நாள் வேலை வீணாய்ப் போயிற்று, அவன் கதவைச் சாத்திவிட்டு, “மேடம், ஆவண அறையில ஒரு ஆள் வேணும்னு கேக்கறாங்க. அங்க நல்ல நாற்காலி இருக்கு. நின்னுக்கிட்டே இருக்க வேண்டாம்” என்றான். அவள், “எனக்கு நிக்கறதுல ஒண்ணும் இல்ல சார்” என்றாள். “இல்ல மேடம், சொல்றேன். இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா நானே நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றான், சொல்லிவிட்டு ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் அதைக் குடித்தாளா? குடித்தாள். இல்லை, தம்ளரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, அப்புறம் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள். இதோ, இது ஞாபகம் இருக்கிறது. தம்ளர் ஞாபகம் இருக்கிறது, ஆறு நிமிடத்துக்கு முந்தின குமிழி ஞாபகம் இல்லை.

குமிழி ஞாபகம் இல்லாமலும் இல்லை, அதுதான் தொல்லை. கண்ணை மூடினால் குமிழி வருகிறது, ஊசி நுனியில் கடுகு மாதிரி முளைத்து, அறுந்து, ஆக்டனாலின் கனத்தில் அவசரமில்லாமல் ஏறி, மேலே போய் ஒரு கணம் கவிழ்த்த கிண்ணமாய் நின்று உடைகிறது. எத்தனை துல்லியம். ஆனால் எந்தக் குழாயின் குமிழி? மூன்றாவதினுடையதாக இருக்கலாம். வெள்ளிக்கிழமையினுடையதாக இருக்கலாம். புருஷன் செபஸ்தி உயிரோடு இருந்த காலத்துக் குமிழியாகக்கூட இருக்கலாம், குமிழிகளுக்கு வயது உண்டா, தேதி உண்டா, இருபத்தாறு வருஷத்துக் குமிழிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி ஒரே குமிழியாகி நிற்கின்றன. அதைத் தொட்டுக் கேட்க முடியாது. சரி, வேறு விதமாகப் பார்க்கலாம். அப்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பார்க்கலாம். அது தெரியும், அது நன்றாகவே தெரியும், தெரிந்ததில் அவளுக்கு முகம் சுட்டது. அப்போது அவள் வருகைப் பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தாள். திண்டுக்கல்லிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேதியியல் படித்த மூன்று வருஷமும் காலையில் அழைக்கப்பட்ட நாற்பத்தொரு பெயர்கள், அகிலாண்டம், அமலோற்பவம், ஆனந்தி, பாக்கியவதி, சந்திரமதி, தெய்வானை, எஸ்தர், இப்படி. ஆடி மாதத்துக்குப் பிறகு தினமும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறாள், நாற்பத்தொன்றும் வந்தால் அன்றைக்குத் தலை நன்றாக இருக்கிறது என்று கணக்கு. இன்றைக்கு லலிதாம்பிகை வரைக்கும் ஓடி வந்தது. லலிதாம்பிகைக்குப் பின் ஒருத்தி, அவளுக்குப் பின் மதுரவல்லி. அந்த ஒருத்தி வரவில்லை. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம், மோவாயில் மச்சம், ஒரு தடவை பெர்மாங்கனேட்டைத் தாவணியில் கொட்டிக்கொண்டு அந்த ஊதாக் கறையை மறைக்கத் தலைப்பை எப்போதும் இடப்பக்கமே சொருகிக்கொள்கிறவள், சிரித்தால் விக்கல் வருகிறவள். எல்லாம் வந்தது, பெயர் வரவில்லை. அவளைத் தேடிக்கொண்டேதான் கை ஊசியை எடுத்தது, இறக்கியது, இழுத்தது, துடைத்தது. மறக்கிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் இது மறந்துபோயிற்று. இதை இளவழகனிடம் எப்படிச் சொல்வது? சார், நான் என் மறதியைச் சோதித்துக்கொண்டிருந்தேன் சார், என்றா?

“என்னக்கா, கையத் தூக்கிக்கிட்டே நிக்கறீங்க, ஆபரேசன் தியேட்டர் மாதிரி?” கருவியின் பக்கத்தில் உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்த தஸ்லிமா கேட்டாள். அந்தக் கருவிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு, பதினெட்டு வருஷமாக இங்கே, எல்லாரையும் கிண்டல் செய்வாள், கருவியையும் சேர்த்து. அமலோற்பவம் கையை இறக்கினாள். “தஸ்லிமா, நான் நாலாவது எடுக்கறப்ப நீ இந்தப் பக்கம் பாத்தியா?” “நான் எதுக்குப் பாக்கறேன், எனக்கு இந்தக் கெழவனைப் பாக்கவே நேரம் சரியா இருக்கு” என்று கருவியின் தலையில் தட்டினாள். “காலைல இருந்து அழுத்தம் ஏறுது எறங்குது, எங்க மாமனாரு மாதிரி. ஏன், என்ன?” “ஒண்ணும் இல்ல.” ஒன்றும் இல்லை என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அமலோற்பவத்துக்கு ஒரு யோசனை வந்தது, காகிதம், துடைத்த காகிதம். ஒரு குழாய்க்கு ஒரு காகிதம், அது அவளுடைய ஒழுங்கு. குமிழி விட்ட ஊசியில் ஆக்டனால் வெளிப்பக்கம் மட்டும் ஒரு படலமாய் இருக்கும், விடாத ஊசி என்றால் நுனியில் ஒரு சொட்டு நிற்கும், காகிதத்தில் கறை பெரிதாக இருக்கும், முகர்ந்தால் தெரியும். குனிந்து குப்பைக்கூடையைப் பார்த்தாள். நான்கு காகிதங்கள் இருக்க வேண்டும். ஐந்து இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் பிடித்தாள், எல்லாவற்றிலும் கறை, எல்லாமே கசங்கி ஒன்றின் ஈரம் இன்னொன்றில் ஏறியிருந்தது. ஐந்தாவது யாருடையது, நான் இரண்டு தடவை துடைத்தேனா, எதற்கு இரண்டு தடவை துடைத்தேன், சொட்டு நின்றதாலா? “அய்ய, அக்கா! அதைப் போடுங்க! ஒண்ணு நான் மூக்கு சிந்திப் போட்டது!” என்று தஸ்லிமா கத்தினாள். “எது?” “எதுன்னா? மூக்குல என்ன, பேரா எழுதி வருது?” தஸ்லிமா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் கொஞ்சம் மெலிந்தது. அமலோற்பவமும் சிரிக்கப் பார்த்தாள். காகிதங்களை முகர்ந்தாள், கடைசியாக ஒன்றை மட்டும் மூக்குக்கு நெருக்கமாக. ஆக்டனாலின் வாசம் அவளுக்குத் தன் வியர்வையைவிடப் பழக்கம், ஆரஞ்சுத் தோலையும் அணைத்த மெழுகுவர்த்தியையும் சேர்த்து அரைத்தாற்போல. இப்போது அது வருகிறதா? வருகிற மாதிரியும் இருந்தது, வருவது காகிதத்திலிருந்தா தன் விரலிலிருந்தா நினைப்பிலிருந்தா என்று தெரியாத மாதிரியும் இருந்தது. மணி இரண்டு முப்பது.

உன் மேல கோயில் வாசம்டீ அமலா என்பாள் ஆரோக்கியம். அக்கா. விடுமுறைக்குப் போனால் அவள் தலைமுடியை எடுத்து முகர்ந்து பார்த்து, பீடத்துல மெழுகுவத்தி அணைச்ச வாசம், வேலைக்குப் போறியா பூசைக்குப் போறியா என்று கேட்பாள். அவளுக்கு ஆரம்பித்தபோது வயது ஐம்பத்தெட்டு. ரசத்தில் இரண்டு தடவை உப்பு, முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள், தம்பி, “என்னக்கா, கடலையே கொண்டாந்துட்டே” என்றான், அக்காவும் சிரித்தாள். அப்புறம் சந்தைக்குப் போன வழியைத் திரும்பி வர மறந்தாள். அப்புறம் தம்பியின் பெயர். இன்றைக்குக் காலையில் ஏழு மணிக்குத் தம்பி மனைவி ஜெசிந்தா போனில், “மதினி, பெரிய மதினி ராத்திரியெல்லாம் உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. இந்தாங்க, பேசுங்க” என்று கொடுத்தாள். “அக்கா, நான்தான் அமலா” என்றாள் இவள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சு. பிறகு, அந்நியரிடம் பேசுகிற மரியாதையோடு, “அமலா இல்லீங்களே, அவ காலேசுக்குப் போயிருக்கா. வந்ததும் சொல்றேன். நீங்க யாரு?” என்று அக்கா கேட்டாள். அமலோற்பவம் என்ன பதில் சொன்னாள்? நான் அவளோட படிக்கிற பொண்ணு என்று சொன்னாள், வேறென்ன சொல்வது. “பேரு?” என்று அக்கா விடவில்லை, வீட்டுக்கு வருகிற தோழிகளை எல்லாம் விசாரிக்கிறவள் அவள், “பேரு என்னம்மா?” அப்போது ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். என்ன பெயர் சொன்னாள்? வாயில் வந்ததைச் சொன்னாள். லில்லி. லில்லி புஷ்பம். அமலோற்பவம் கையுறையோடு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லலிதாம்பிகை, லில்லி புஷ்பம், மதுரவல்லி. மச்சம், ஊதாக் கறை, விக்கல், லில்லி புஷ்பம். காலையில் ஏழு மணிக்குத் தேடாமலே வந்த பெயர், இரண்டு மணிக்குத் தேடித் தேடி வராத பெயர், இப்போது வேறு எதையோ தேடப் போன இடத்தில் கிடக்கிறது. அப்படியானால் இது மறதியா, இல்லையா? பெயர் உள்ளேதானே இருந்தது. அக்காவுக்கும் எல்லாம் உள்ளேதான் இருக்கிறதோ, காலேசுக்குப் போன தங்கை உள்ளே பத்திரமாக இருக்கிறாள், போனில் பேசுகிற தங்கைக்குத்தான் இடம் இல்லை. சுற்றிச் சுற்றி, ஐந்து நிமிடத்தில் நூறு தடவை, தலைகீழாகவும் நேராகவும், எது எந்தப் பக்கம் போய் நின்றது என்று யார் ஊசி விட்டுப் பார்ப்பது. போதும். குமிழி. குமிழியை யோசி.

இரண்டு முப்பத்திரண்டு. எழுதாமலே விட்டால் என்ன? எண் சரியாக வந்தால் ஒன்றும் இல்லை, ஐந்தாவது குழாய்க்குப் போகலாம், யாருக்கும் எதுவும் தெரியாது. எண் தப்பாக வந்தால், எழுதிவைக்காத சந்தேகத்தை வைத்து அதைத் தள்ள முடியாது, அது மற்றவற்றோடு கலந்துவிடும், கே-17 இருப்பதைவிடக் கொஞ்சம் நீருக்கு வேண்டியது மாதிரி தோன்றும், கொழுப்பில் அவ்வளவாகத் தங்காது என்று யாரோ எங்கோ எழுதுவார்கள், யாரோ எங்கோ ஒரு குளத்து மீனைச் சோதிக்காமல் விட்டுவிடுவார்கள். இத்தனை தூரம் போகுமா ஒரு கொசுக்கண்? போகும், போகாமலும் இருக்கும், இரட்டைகள் ஒத்துவரவில்லை என்று இளவழகனே திரும்பச் செய்யச் சொல்வான், திரும்பச் செய்யும்போது ஏன் என்று கேட்பான். எழுதினால் நிச்சயமாகக் கேட்பான். நிச்சயமில்லை என்று ஒரு ஆய்வாளர் தன் கைப்பட எழுதிய பிறகு அவரை எப்படி மேசையில் நிறுத்துவது? நல்ல நாற்காலி. ஆவண அறையில் ஜன்னல் இல்லை, கட்டுக் கட்டாக முடிந்துபோன காகிதங்கள், அங்கே எதையும் மறக்க முடியாது, ஏனென்றால் செய்வதற்கு எதுவும் கிடையாது. அதுவல்ல பயம். வீட்டில் அவள் ஒருத்தி. செபஸ்தி போய் ஆறு வருஷம். இன்றைக்குக் காலையில் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டிருந்தாலும் நாக்கு அதையும் பழகிக்கொண்டு விழுங்கியிருக்கும், என்னடி இது என்று கேட்க எதிரே தட்டு இல்லை. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்குகிறாள், திரும்ப ஏறி இழுத்துப் பார்க்கிறாள், பூட்டு இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, அது ஒன்றும் சொல்வதில்லை. இங்கே மட்டும்தான் சொல்கிறார்கள். இங்கே நீ இரண்டு குழாயில் ஒரே காரியத்தைச் செய்தால் எண் வந்து, ஆமாம் ஒரே காரியத்தைத்தான் செய்தாய் என்று சொல்கிறது, செய்யாவிட்டால் செய்யவில்லை என்று சொல்கிறது, முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு மாற்றிச் சொல்வதில்லை. இந்த மேசையை விட்டு எழுப்பிவிட்டால், அன்றைக்கு அவளுக்கு ஆரம்பித்துவிட்டது என்று அவளிடம் யார் சொல்வது? அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள், அந்த நிறுத்தத்திலிருந்து அக்கா தானாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும், அல்லது கண்டுபிடிப்பதற்குள் அதையும் மறந்திருக்க வேண்டும்.

ஆகையால் எழுதக் கூடாது என்று முடிவு செய்தாள். செய்த பிறகு, எழுதாமல் இந்த மேசையில் நின்றால் இந்த மேசைக்கு என்ன அர்த்தம் என்று தோன்றியது. எண் உண்மையைச் சொல்கிற இடம் என்றுதானே இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அந்த இடத்திலேயே ஒரு கட்டத்தை வெறுமையாய் விட்டுவிட்டு நின்றால், வீட்டுப் பூட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம். இல்லை, இதெல்லாம் பெரிய வார்த்தை, பயத்தில் வருகிற வார்த்தை, விட்டிருப்பேன், குமிழி விட்டிருப்பேன், விடாமல் இருக்கவே முடியாது. முடியாது என்று எப்படித் தெரியும்? சரி, விடவில்லை என்று வைத்துக்கொள்வோம், விடவில்லை என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இல்லை. இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது, அங்கேதான் அக்கா உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள், நீங்க யாரு? “அக்கா, ஏழு நிமிசம் ஆச்சு, டீ சொல்லவா?” என்றாள் தஸ்லிமா. “இரு” என்றாள். “இல்ல, சொல்லு.” “இருவா சொல்லா?” “எதாவது ஒண்ணு.” தஸ்லிமா நாற்காலியிலிருந்து இறங்கினாள், இறங்கியவள் டீ சொல்லப் போகவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரையில் அடிக்கோடு நடுக்கமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, பச்சை நிறம், இறந்தவர் மார்பின்மேல் போர்த்திய துணி மாதிரி மட்டமாக. இரண்டு முப்பத்துநான்கு. அமலோற்பவம் வலது கையுறையை விரல் விரலாக உருவினாள். பேனாவை எடுத்தாள். ஓரக் கட்டத்தில், குழாய் நான்கு, நீர் எடுக்கையில் குமிழி விட்டேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை, என்று எழுதினாள். நிச்சயமில்லை என்று எழுதத்தான் நினைத்திருந்தாள், கை ஞாபகம் இல்லை என்று எழுதிவிட்டது. அடிப்பதா? அடித்து மாற்றினால் அதற்கும் ஒரு கையெழுத்து, அதற்கும் ஒரு மணி. அப்படியே விட்டாள். அ.ம., இரண்டு முப்பத்துநான்கு என்று போட்டாள். மை காய்வதற்குள் அடிக்கோடு தலை நிமிர்த்தத் தொடங்கியது.

மேடு ஏறியது. எவ்வளவு ஏறினால் நிற்கும் என்று அவளுக்குக் கண் அளவு தெரியும், அந்த அளவைப் பார்க்காமல் இருக்க ஜன்னலைப் பார்த்தாள், ஜன்னலில் தன் வெள்ளை அங்கியும் அதற்குள் யாரோ ஒரு வயதான பெண்ணும் தெரிந்ததால் திரும்பத் திரையையே பார்த்தாள். மேடு நின்றது, இறங்கியது, எண் விழுந்தது. புள்ளி எண்பத்துநான்கு. “பாருங்க! இரட்டைப் புள்ளைங்க, ஒரே மூஞ்சி!” என்றாள் தஸ்லிமா. “இதுக்குத்தான் குப்பைய மோந்தீங்களா?” புள்ளி எண்பத்துநான்கு. அப்படியானால் குமிழி விட்டிருக்கிறாள். கை விட்டிருக்கிறது, சரியாக, மெதுவாக, ஒரு கொசுக்கண்கூட உள்ளே விடாமல். சந்தோஷம் வர வேண்டும் என்று அதற்கு இடம் விட்டு நின்றாள். வரவில்லை. கை விட்டது என்றால் அப்போது அவள் எங்கே இருந்தாள்? மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்தாள். எண் குழாயைப் பற்றிச் சொல்லிவிட்டது, அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இத்தனை வருஷமாக அவளைப் பற்றியும் சொல்கிறது என்று எதை வைத்து நம்பினாள்? தஸ்லிமா பதிவேட்டின்மேல் குனிந்து வரியைப் படித்தாள், படித்து முடித்த பிறகும் குனிந்தே இருந்தாள். “அக்கா, இத அடிச்சிருங்க. ஒரு கோடு, ஒரு கையெழுத்து. எண்ணுதான் சரியா வந்திருச்சே.” “என்னன்னு காரணம் எழுதி அடிக்கிறது?” “ஞாபகம் வந்திருச்சுன்னு எழுதுங்க.” “வரலையே தஸ்லிமா.” தஸ்லிமா பதிவேட்டை மெல்ல அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

இளவழகன் மூன்று மணிக்கு முன்னால் எப்போதும் ஒரு சுற்று வருவான், இன்றைக்கும் வந்தான். எண்ணைப் பார்த்துத் தலையாட்டினான், பிறகு ஓரக் கட்டத்தைப் பார்த்தான். அவன் ஒரு தடவைதான் படித்தான், ஆனால் நிமிர நேரமானது. “மேடம், ரிசல்ட் நல்லா வந்திருக்கே. இத எதுக்கு…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். “வரதுக்கு முன்னாடி எழுதினது சார். மணி போட்டிருக்கேன்.” “பாத்தேன்.” அவன் ஆறு குழாய்களையும் பார்த்தான், நான்கு முடிந்து இரண்டு மிச்சம். “அஞ்சும் ஆறும் தஸ்லிமா எடுக்கட்டும். நீங்க கொஞ்சம் உக்காருங்க. நாளைக்குப் பேசுவோம்” என்றான், அதே மெல்லிய குரல், தம்ளரை நகர்த்துகிற குரல். உட்கார் என்றால் உட்கார்ந்துவிடலாம், கால் வலிக்கத்தான் செய்தது. இது கடைசியாக இருக்கலாம் என்று நினைத்தாள், ஆறு குழாய்களில் இரண்டு, இருபத்தாறு வருஷத்தில் இரண்டு. “சார், நான் எடுக்கறேன்” என்றாள். தன் குரல் கெஞ்சுகிறதா கேட்கிறதா என்று அவளுக்கே புரியவில்லை. “தஸ்லிமா பக்கத்துல நின்னு பாக்கட்டும். குமிழி வந்தா வந்துச்சுன்னு அவளும் கையெழுத்துப் போடட்டும். நாளைக்கு என்ன சொல்றீங்களோ சொல்லுங்க. இன்னைக்கு இந்த ரெண்டையும் நான் எடுக்கறேன்.” இளவழகன் தஸ்லிமாவைப் பார்த்தான். தஸ்லிமா ஏற்கனவே கையுறை போட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கு என்ன சார், நின்னு வேடிக்கை பாக்கறதுதானே, அதுக்குத்தானே இங்க என்னைய வெச்சிருக்கு” என்றாள். அவன் பதிவேட்டில் அமலோற்பவத்தின் வரிக்குக் கீழே, பார்த்தேன் என்று எழுதித் தேதி போட்டு, இன்றைக்கு மட்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனான்.

அமலோற்பவம் புதுக் கையுறை போட்டாள். ஊசியில் காற்றை இழுத்தாள், இழுத்தேன் என்று உரக்கச் சொன்னாள். ஐந்தாவது குழாயின் மூடியைத் திறந்தபோது இந்தத் தடவை வாசம் வந்தது, வந்த மாதிரி இருந்தது. தஸ்லிமா குனிந்து தோளோடு தோள் உரசக் குழாயின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தாள், அவள் மூச்சில் கண்ணாடி லேசாக மங்கியது. “மூச்ச அந்தப் பக்கம் விடு.” “சரிக்கா, விடவே இல்ல.” ஊசி ஆக்டனாலைத் தொட்டது. அமலோற்பவம் பெருவிரலை அழுத்தினாள். நுனியில் ஒன்று முளைத்தது, அறுந்தது, ஏறியது, அடுத்தது முளைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இமைக்காமல், கண் எரிய, ஒவ்வொன்றையும்.

“வருதா?” என்று கேட்டாள்.

“வருதுக்கா” என்றாள் தஸ்லிமா.